கிருஷ்ணகிரியில் நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? 21,350 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன், படித்துவிட்டுப் போங்கள்

நேற்று விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் நாய்க்குட்டி செத்துப்போனது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் கோர்வை இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், நாய்க்குட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை, அவ்வளவுதான். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் இரண்டு வருடமாக நாய் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். நான்கு லாப்ரடார் குட்டிகள் இருந்தன. பெங்களூரிலிருந்து வந்தவை, 45 நாள் குட்டிகள் என்றான் கடைக்காரன். பெங்களூர்ச் சரக்கு என்றதும் மகள் அங்கேயே பெயர் வைத்துவிட்டாள்: பெங்களூரா. எங்கள் ஊரில் அது கிளிமூக்கு மாங்காயின் பெயர். குட்டியும் பழுத்த மாம்பழ நிறத்தில்தான் இருந்தது.

குட்டி 12,500. ஊசிக்குத் தனியாக 1,500. பேரம் பேசலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன், "அண்ணா, முதல் ஊசி பெங்களூரிலேயே போட்டாயிற்று. இரண்டாவதை உங்கள் கண்முன்னாலேயே போடுகிறேன், அப்புறம் நீங்கள் எந்த டாக்டரிடமும் அலைய வேண்டாம்" என்றான். கழுத்துப் பட்டைகளும் ஷாம்பு பாட்டில்களும் கிடந்த மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தான். குட்டியின் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிக் குத்தினான். குட்டி முனகக்கூட இல்லை. மகள்தான் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பாதச் சுவடு அச்சிட்ட நீல அட்டையில் தேதி எழுதி, "வெறிநோய் ஊசியும் இதிலேயே சேர்ந்துவிட்டது" என்று இன்னொரு வரியும் எழுதி, முத்திரை குத்தி இரண்டு கையாலும் நீட்டினான். அந்த இரண்டு கைதான் என்னை ஏமாற்றியது. 14,000 ரூபாயை எண்ணி வைத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தான். அதையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்!

புதன்கிழமை குட்டி பால் குடிக்கவில்லை. இரவில் மூன்று முறை வாந்தி. கடைக்குப் போன் செய்தேன். "இடம் மாறினால் அப்படித்தான் அண்ணா, தயிர் சாதம் கொடுங்கள்" என்றான். வியாழன் காலையில் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, வீடு முழுக்கக் கழுவியும் இன்னும் மூக்கில் இருக்கிறது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா சோதனைப் பட்டையில் இரண்டு சொட்டு விட்டார். சில நிமிடங்களில் இரண்டு கோடுகள் எழுந்தன. பார்வோ. நாய்க்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்.

"தடுப்பூசி போட்டிருக்கிறது மேடம்" என்று பெருமையாக அட்டையை நீட்டினேன். அவர் முதல் வரியின் தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "அன்றைக்கு இதற்குப் பதினேழு நாள்தான் சார். கண் திறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். ஆறு வாரத்துக்கு முன்னால் பொதுவாக இந்த ஊசி போடுவதில்லை." குப்பியை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டார். இழுப்பறை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டுமாம். பொடி ஒரு குப்பி, நீர் ஒரு குப்பி, போடும்போதுதான் கலக்க வேண்டுமாம். குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்டுவார்களாம். எங்கள் அட்டையில் லேபிளும் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. இரண்டு தேதிகளும் ஒரே பேனா, ஒரே கிறுக்கல். வெறிநோய் ஊசியோ மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். கிருமி உடம்பில் புகுந்து வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகுமாம். அப்படியானால் குட்டி வரும்போதே கொண்டுவந்திருக்கிறது. அன்றைக்குக் கடையில் நல்ல ஊசியே போட்டிருந்தாலும் இதைக் காப்பாற்றியிருக்காது.

நான்கு நாள் டிரிப்ஸ். 7,350 ரூபாய். கடைசி நாள் அது என் மகளின் விரலை நக்கியது, அதற்கு மேல் அந்தப் பகுதியை எழுத முடியவில்லை.

நேற்று மாலை கடைக்கு நேரில் போனேன். முதலில் "முதலாளி ஓசூர் போயிருக்கிறார்" என்றான் வேலைப் பையன். முதலாளி உள்ளே மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். "நீங்கள் வெளியே கூட்டிப் போயிருப்பீர்கள்." இல்லை. "பக்கத்து வீட்டு நாய் வந்திருக்கும்." பக்கத்து வீட்டில் நாயே இல்லை. அட்டையைக் காட்டினேன். "அது பெங்களூர்க்காரர்கள் எழுதியது அண்ணா." நீ எழுதியதை நான் பார்த்தேனே என்றேன். "வேண்டுமானால் இன்னொரு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள், பாதி விலை." 14,000 ரூபாய்க் குட்டியும் 7,350 ரூபாய் வைத்தியமும் போன வீட்டில், பல மாதங்கள் கிருமி சாகாமல் கிடக்கும் அதே தரையில், இன்னொரு குட்டி! வீட்டுக்கு வருவதற்குள் வாட்ஸ்அப்பில் என் எண்ணைத் தடுத்துவிட்டான்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், தெம்பில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடையில் விற்பதே சட்டப்படி தப்பு, 45 நாள் என்றால் அங்கேயே திரும்பி வாருங்கள். லேபிள் ஒட்டாத அட்டையை நம்பாதீர்கள். வாங்கிய அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், அரசு கால்நடை மருத்துவமனையானாலும் சரி. ஊசி ஒன்றிரண்டோடு முடியாது, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், அதுவரை தெருவில் விடாதீர்கள். பெயர் போட்ட பில் வாங்குங்கள். நான் வாங்காததால் இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் திணறிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் பர்கூரிலிருந்து ஒரு தம்பதி வந்து, அதே கூண்டிலிருந்து ஒரு குட்டியை வாங்கிப் போனார்கள். இரட்டைச் சடை போட்ட சின்னப் பெண் கூட இருந்தாள். அவர்களுக்கும் அதே நீல அட்டைதான். அம்மா, ஐயா, இதைப் படித்தால் குட்டியை உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். உங்கள் நாய்க்கு வெறிநோய் ஊசி போடப்படவில்லை.