பட்டன் போனா, டைமரா, ஆப்பையே தூக்கிவிடுவதா?

ரீல்ஸிலேயே ராத்திரி போய்விடுகிறது என்று புலம்பினால், கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுதான். பட்டன் போனுக்கு மாறு, ஆப்புக்கு டைமர் வை, ஆப்பையே எடுத்துவிடு. மூன்றையும் பார்த்துவிட்டு நான் மூன்றாவதில் நிற்கிறேன். அதனால் இந்த அலசலில் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

பட்டன் போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும், உள்ளே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. இடிப்பது பணம் கொடுக்கும் இடத்தில்தான். டீக்கடை வரைக்கும் க்யூஆர் வந்துவிட்டது. பட்டன் போன்காரர்களுக்காக 2022இல் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே வசதியைத் தொடங்கிவைத்தது. இணையம் இல்லாமல், ஒரு எண்ணை அழைத்தே பணம் அனுப்பலாம். ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும் கடையில் அதைச் செய்யப் பொறுமை வேண்டும். நான் பட்டன் போனோடு இருந்தது கொஞ்ச காலம்தான். பழகியவர்களுக்கு வேகமாக வரலாம்.

டைமர் சுலபம். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம், இரண்டும் 2018இல் வந்தவை. நேரம் முடிந்ததும் ஆப் மூடிக்கொள்ளும். சரி, திரும்பத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? செட்டிங்ஸுக்குப் போய் டைமரை எடுத்துவிடச் சில நொடிகள் போதும். என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான்: போட்ட கட்டுப்பாட்டை மீறுவதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும்? டைமர் குறுக்கே வருவது வீடியோ சுவாரசியமாக ஓடிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்? முடிவே இல்லாமல் நகரும் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

ஆப்பை எடுத்துவிட்டால் கதை வேறு. இன்ஸ்டாகிராம் வேண்டுமென்றால் ப்ளே ஸ்டோருக்குப் போய், இறக்கி, பாஸ்வேர்டை யோசித்து உள்ளே நுழைய வேண்டும். அதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும். அவசியம் என்றால் லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

யூடியூப் கொஞ்சம் சிக்கல். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதை நீக்க முடியாது, முடக்கி வைக்கத்தான் முடியும். எனக்கு அது தேவையும்கூட. அதனால் பார்த்த வீடியோக்களின் வரலாற்றை அழித்து, மேற்கொண்டு பதிவாகாதபடி நிறுத்திவைத்தேன். 2023 ஆகஸ்ட் முதல், வரலாறு இல்லாதவர்களுக்கு யூடியூப் முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை. தேடல் பெட்டி மட்டும் வெறுமனே நிற்கும். மிக்ஸி கப்ளர் மாற்றுவது எப்படி என்று தேடுகிறேன், பார்க்கிறேன், வெளியே வந்துவிடுகிறேன். பார்க்கும் வீடியோவுக்குக் கீழே மற்ற வீடியோக்கள் வரிசைகட்டுவது மட்டும் நிற்கவில்லை. தானாக அடுத்தது ஓடுவதையும் அணைத்துவிட்டால் தேவலை. நஷ்டமும் உண்டு: யூடியூபே எடுத்துக் கொடுத்த பழைய பாட்டுகள் இப்போது கண்ணில் படுவதில்லை. வீட்டு டிவியிலும் உங்கள் கணக்கே இருந்தால் அதற்கு வேறொன்று போட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் சண்டைதான்.

இதனால் கவனம் கூடிவிட்டதா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். கை இன்னும் பாக்கெட்டுக்குப் போகிறது. எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லாததால் திரும்ப வைக்கிறேன். ஸ்மார்ட்போன் மேசையில் இருந்தாலே கவனம் குறைகிறது என்று 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பின்னர் வந்த சில ஆய்வுகளில் அந்த விளைவு தெரியவில்லை. டெக்சாஸ் ஆய்வு சொன்னது உண்மையென்றால் பட்டன் போனுக்கு ஒரு மதிப்பெண் கூடும். வாட்ஸ்அப் குழுக்களின் தொல்லைக்கும் அதுதான் மருந்து. என் முறையில் அதற்கு வழியில்லை.

பட்டன் போன்தான் என்று முடிவெடுத்தவர்கள் வாங்கும்முன் சிம்மைப் பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய மாடல் போனில் அந்த சிம் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். அப்புறம், ஸ்மார்ட்போனில் யுபிஐயைத் தொடர்வதாக இருந்தால், வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மை அதிலேயே விட்டுவிட்டுப் பட்டன் போனுக்கு வேறு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.