46,000 ரூபாய் போச்சு: பழைய நிக்கான் எஃப்3 வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

46,000 ரூபாய். ஒரு நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமராவின் பாடிக்கும் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்த பணம். கைக்கு வந்ததோ, வெயிலில் எடுத்தால் படத்தின் ஒரு பக்கத்தை இருட்டாக்கும் கேமராவும் உள்ளே பூஞ்சை பிடித்த லென்ஸும். விற்றவர் பழைய கேமராக்களை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டு விற்கும் ஆள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் நேற்று இரவு இன்னொரு எஃப்3ஐ அதே பாணி வீடியோவோடு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமாகக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எஃப்3 என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 1980இல் வந்தது, 2001 வரை தயாரிப்பில் இருந்தது. வடிவமைத்தவர் இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் ஜியுஜாரோ. பிடியின் ஓரத்தில் ஓடும் அந்தச் சிவப்புக் கோடு அவர் போட்டது. நாசா விண்வெளிக்கே கொண்டுபோன கேமரா. ஃபோகஸ் முழுக்கக் கையால்தான். ஃபிலிம் சுற்றும் லீவர் பால் பேரிங்கில் ஓடுவதால் ஒற்றை விரலில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும். ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிராண்டு ஃபிலிம் ஒரு ரோல் வாங்கவே கணக்குப் பார்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். அப்போதெல்லாம் எஃப்3 பெரிய பத்திரிகைக்காரர்களின் தோளில் மட்டும் தொங்கிய பொருள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து, போனஸ் பணத்தை அப்படியே எடுத்து வைத்து இதை வாங்கினேன்.

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். எடுத்ததுமே “அண்ணா”. “அண்ணா, இது எங்கப்பா ஸ்டுடியோ கேமரா, வெளியாளுக்குக் கொடுக்க மனசே வரல, நீங்க ஃபிலிம்ல இருக்கிறவர்னு தெரிஞ்சதால கொடுக்கறேன்” என்றார். நான் கேட்காமலே வீடியோ காலில் வந்தார். மேசையில் பச்சைத் துணி விரித்து, கேமராவை வைத்து, பின்கதவைத் திறந்து காட்டினார். வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஓரத்து ஃபோம் எல்லாம் புதிது. “உள்ள பாருங்கண்ணா” என்று ஷட்டர் வேக டயலை 2000இல், அதாவது விநாடியில் 2000இல் ஒரு பங்கில், வைத்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பட்டனை அழுத்தினார். ஷட்டர் திறந்து முழுச் செவ்வகமாக வெளிச்சம் தெரிந்தது. 1000இல் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் துல்லியமான சத்தம், முழு வெளிச்சம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்? விற்கிறவரே கதவைத் திறந்து உள்ளே காட்டுகிறார். அந்த இடத்தில்தான் நம்பினேன். அன்று மாலையே 46,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன்.

பார்சல் ஒழுங்காகத்தான் வந்தது. ஹெச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்றைப் போட்டேன். வீட்டுக்குள் அம்மாவை எடுத்தேன், திண்ணை நிழலில் பூனையை எடுத்தேன், அப்புறம் மதுரைத் தெப்பக்குளத்தில் உச்சி வெயிலில் மிச்சத்தை முடித்தேன். டெவலப் ஆகி வந்த நெகட்டிவை லைட் மேல் வைத்துப் பார்த்தால், வீட்டுக்குள் எடுத்ததும் நிழலில் எடுத்ததும் அருமை. தெப்பக்குளம் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு ஓரம் ஒன்றுமே பதியாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கிறது. மைய மண்டபம் பாதியில் மங்கிக் காணாமல் போகிறது. பிரிண்டில் அந்தப் பகுதி கன்னங்கரேல். லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வைத்து எடுத்ததால் அந்த வெயிலில் கேமரா தானாகவே 1/2000 பக்கம் போயிருக்கிறது. நிழலில் அந்த வேகம் தேவைப்படவில்லை, அதனால் தப்பித்தது.

போன் செய்தேன். “அண்ணா” போய் “சார்” வந்துவிட்டது. “பேட்டரி மாத்துங்க சார்.” புது எஸ்ஆர்44 இரண்டு வாங்கிப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. “லேப்ல தப்பா டெவலப் பண்ணிருப்பாங்க சார்.” ஒரே ரோலில் பாதிப் படம் மட்டும் எப்படித் தப்பாகும்? “கூரியர்ல அடிபட்டிருக்கும், நான் அனுப்பும்போது நல்லாத்தான இருந்துச்சு, வீடியோல நீங்களே பாத்தீங்களே.” பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் எரிகிறது: “நாப்பது வருஷப் பழைய கேமரா சார், அப்படித்தான் இருக்கும்.” 46,000 ரூபாய் வாங்கும்போது அது அப்பாவின் பொக்கிஷம். திருப்பிக் கேட்டால் நாற்பது வருடக் குப்பை. அதோடு என் போன் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சென்னையில் ஒரு பெரியவர் பல வருடமாகக் கேமரா ரிப்பேர் பார்ப்பவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கேமராவைத் தொடுவதற்கு முன்னாலேயே, நான் பதிவு செய்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஏமாத்து வேலை” என்றார். எஃப்3இல் ஃபிலிம் கவுண்டர் 1ஐத் தொடும் வரை நாம் டயலில் என்ன வேகம் வைத்தாலும் ஷட்டர் ஓடுவது 1/80இல்தான். ஃபிலிமை ஏற்றும்போது வீணாக நேரம் போகாமலிருக்க நிக்கான் அப்படிச் செய்து வைத்திருக்கிறது. பின்கதவு திறந்திருந்தால் கவுண்டர் ஆரம்பத்திலேயே நிற்கும். அதனால் எனக்குக் காட்டிய 2000, 1000, 500 எல்லாமே 1/80தான். “நெசமாவே 2000ல ஓடினா இப்படி முழுசா தொறக்காது தம்பி, ஒரு கீத்துதான் ஓடும்.” பெரியவர் விளக்கிய பிறகு வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே சத்தம், ஒரே வெளிச்சம்.

ஷட்டர் வேகம் பார்க்கும் அவருடைய டெஸ்டரில் வைத்தபோது 1/250 வரை சரியாக இருந்தது. அதற்கு மேல், ஷட்டரைத் திறக்கும் முதல் திரை தாமதமாக ஓட, அதை மூடும் இரண்டாவது திரை ஓடிவந்து முதல் திரையைப் பிடித்துவிடுகிறது. 1/2000இல் பாதி தூரத்திலேயே இடைவெளி மூடிக்கொள்கிறது. அடித்தட்டைக் கழற்றினால் ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ந்து கிடக்கின்றன. யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்து, முடியாமல் மூடியிருக்கிறார்கள். அதாவது கோளாறு தெரிந்தேதான் விற்றிருக்கிறார். தெரியாதவர் கதவைத் திறந்து வைத்து 2000 காட்ட மாட்டார். புது உதிரி பாகம் கிடைக்காது, இன்னொரு செத்த எஃப்3 கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம் என்கிறார் பெரியவர். அதற்குத் தனிச் செலவு. லென்ஸில் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். நடுக் கண்ணாடியில் சிலந்தி நூல் பின்னலாகப் பூஞ்சை.

அறிமுகம் கிடைத்தது பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில். அவர்களிடம் முறையிட்டால், பணம் ஆப்புக்கு வெளியே போனதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். வங்கியில், நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறார்கள். ஸ்டேஷனில், “கேமராதான் வந்துருச்சே, அப்புறம் என்ன மோசடி?” என்று கேட்டார்கள். கேமரா வந்தது உண்மைதான். 46,000 ரூபாய் மதிப்புள்ள கேமரா வரவில்லை. இதைப் புரியவைக்கவே நாக்கு வறண்டுபோகிறது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது.

எஃப்3 வீடியோவில் பின்கதவு திறந்திருந்தால் அந்த டெஸ்ட் செல்லாது. கதவை மூடி, லீவரைச் சுற்றிக் கவுண்டர் 1ஐத் தாண்டிய பிறகு 8 விநாடியில் வைத்து அழுத்தச் சொல்லுங்கள். டக்கென்று மூடிக்கொண்டால் கவுண்டர் இன்னும் தாண்டவில்லை என்று அர்த்தம்.

1/1000, 1/2000இல் எடுத்த நெகட்டிவைக் கேளுங்கள். ஸ்கேன் வேண்டாம், நெகட்டிவ் பட்டையையே லைட் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்த வீடியோ. அடித்தட்டு ஸ்க்ரூக்களின் கிட்டத்துப் படம்.

நேரில் போக முடியாவிட்டால் முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பாதீர்கள். எவ்வளவு “அண்ணா” போட்டாலும்.

நான் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லியிருக்கிறேன். பச்சைத் துணி மேசை, அப்பா ஸ்டுடியோ கதை, திறந்த பின்கதவு என்று இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே யுபிஐ கணக்கின் மேல் நாலு புகார் சேர்ந்தால் ஸ்டேஷனில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க மாட்டார்கள்.