லாடெக்கும் சாயாத தமிழ் எழுத்தும்: ஏழு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் நண்பன் வாட்ஸாப்பில் கேட்டான்: "மச்சி, தீசிஸை வேர்டுல அடிச்சே ஓஞ்சு போயிட்டேன். லாடெக்குக்கு வந்துரட்டுமா?" லாடெக் என்றால் கட்டளைகளோடு எழுதிய உரையைப் புத்தகப் பக்கமாக அடுக்கித் தரும் மென்பொருள். வா என்று அடித்தேன், அழித்தேன். வராதே என்று அடித்தேன், அதையும் அழித்தேன். அந்தத் தடுமாற்றம்தான் இந்தப் பதிவு.

ஏழு வருடமாக, யூனிகோட் எழுத்துருக்களை ஏற்கும் அதன் வகையான ஸீலாடெக்கில்தான் தமிழ் அடிக்கிறேன். நிறுவுவது, ஃபான்ட்ஸ்பெக் என்ற துணைத் தொகுப்பில் எழுத்துரு கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக என் புண்ணுக்கு வருகிறேன்.

தாத்தாவின் விவசாயக் குறிப்புகளை 180 பக்கப் புத்தகமாக்கி, சொந்தபந்தங்களுக்காக நூறு பிரதி அச்சடித்தோம். வட்டாரச் சொல் வந்த இடத்திலெல்லாம் வழக்கமாகச் சொல்லைச் சாய்த்துக் காட்டும் 'எம்ஃப்' கட்டளை போட்டிருந்தேன். முன்னுரையிலும் "வட்டாரச் சொற்கள் சாய்வெழுத்தில் உள்ளன" என்று பெருமையாக எழுதியிருந்தேன். புத்தகம் கைக்கு வந்த அன்று அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். "சாய்வெழுத்துன்னு போட்டிருக்கியே, எங்கடா சாஞ்சிருக்கு?"

ஒரு சொல்கூடச் சாயவில்லை. நான் பயன்படுத்திய நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் சாய்வு வடிவமே கிடையாது. வடிவம் இல்லையென்றால் லாடெக் நிற்காது. நேர் எழுத்தையே போட்டுவிட்டு நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்த லாக்கை யார் படிக்கிறார்கள்? ஒரு வரி ஒரு பாயின்ட் ஓரத்தைத் தாண்டினால் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று பக்கம் பக்கமாகப் புலம்புகிற மென்பொருள் இது. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு அந்தப் புலம்பல் ஓயவே ஓயாது. அதற்கு நடுவே இந்த ஒரு வரி என் கண்ணில் படவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோபம் தீரவில்லை.

சரி, போலியாகச் சாய்க்கலாம் என்று ஃபான்ட்ஸ்பெக்கின் 'ஆட்டோஃபேக்ஸ்லான்ட்' போட்டுப் பார்த்தேன். ஆடிக் காற்றில் சாய்ந்த வாழைத் தோப்பு மாதிரி இருந்தது. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகர் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அந்த வழக்கம் வளர்ந்து, அழுத்திச் சொல்வதென்றால் சாய்ப்பது என்று ரோமன் எழுத்துக்கு ஆகிவிட்டது. நம் எழுத்துக்கு அது ஒட்டவில்லை. தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோதான் நம் கண்ணுக்குப் பழக்கம்.

அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கோப்பின் தொடக்க அமைப்புப் பகுதியான பிரீயாம்பிளில் ஒரே வரி: எம்ஃப் என்றால் இனிமேல் தடித்த எழுத்து. கம்பைல் செய்து பக்கங்களை மறுபடி உருவாக்கினேன். 180 பக்கத்திலும் ஒரு சொல்லைத் தொடாமல் எல்லா வட்டாரச் சொல்லும் மாறி நின்றது. எழுதும்போது 'இது வட்டாரச் சொல்' என்பதற்கு மட்டும் அடையாளம் வைத்தேன், எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்தேன். இந்தச் சுகத்துக்காகத்தான் ஏழு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வேர்டிலும் ஸ்டைல் வைத்து அடித்தால் இது நடக்கும். நம்மில் எத்தனை பேர் வைக்கிறோம்?

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. புத்தகங்களுக்கென லாடெக் தரும் 'புக்' வகுப்பு அத்தியாயத் தலைப்புக்கு மேலே 50 பாயின்ட், கீழே 40 பாயின்ட் இடம் விடுகிறது. பாதிப் பக்கம் காலியாக இருப்பதுபோல் தெரியும். அதைக் குறைக்க தலைப்புகளை அமைக்கும் டைட்டில்செக் தொகுப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். மேல் வரியின் உகரக் கொக்கியும் கீழ் வரியின் இகரச் சுழியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க வரி இடைவெளியை 1.25 ஆக்கினேன்.

நண்பனிடம் சமர்ப்பிக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். மூன்று மாதமாம். "வேர்டுலயே முடிடா, லாடெக் பக்கம் வராத" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு இரண்டாம் பதிப்பின் கோப்பைத் திறந்தேன், லாடெக்கில்தான். முன்னுரையில் இன்னும் "சாய்வெழுத்தில் உள்ளன" என்றே இருந்தது. அதைக் கையால் மாற்றினேன்.