சர்க்கரை இறங்குவது உடம்புக்கே தெரியாதபோது: சென்சாருடன் என் அனுபவம்

20 ஆண்டுகளுக்கு மேலாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் சர்க்கரை 70-க்குக் கீழே போனதுமே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும். பிறகு அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. 50-க்கு இறங்கினாலும் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பதாகவே நினைப்பேன். அடிக்கடி சர்க்கரை இறங்கினால், அட்ரினலின் சுரந்து நம்மை எச்சரிப்பது மந்தமாகிவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

எனக்கு மிஞ்சிய ஒரே அறிகுறி வியர்வை. மதுரைச் சித்திரை வெயிலில் வியர்வையை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? மாசி வீதியில் போகிற எல்லோருடைய சட்டையும்தான் நனைந்திருக்கிறது. வெயில் வியர்வை கசகசக்கும்; சர்க்கரை இறங்கும்போது நெற்றியும் பிடரியும் சில்லென்று ஈரமாகும். ஆனால் அதைத் தொட்டுப் பார்த்துப் பிரித்தறியும் நிதானம் அந்த நேரத்தில் இருப்பதில்லை. அதனால்தான் மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, சர்க்கரையை விடாமல் அளந்து, இறங்கினால் அலாரம் அடிக்கும் சென்சாருக்கு மாறினேன்.

நான் பயன்படுத்துவது 14 நாள் வேலை செய்யும். 70-இல் இருந்த அலாரத்தை டாக்டரிடம் கேட்டு 80-க்கு உயர்த்தினேன். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திசு நீரை அளக்கிறது. ஆகவே சில நிமிடம் பின்தங்கியே காட்டும். நான் எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியைத்தான் முதலில் பார்க்கிறேன். 95 இருந்தாலும் அம்பு செங்குத்தாகக் கீழே காட்டினால் வண்டியைத் தொடுவதில்லை.

குறைகளும் உண்டு. கோடையில் ஓரம் பிரிந்துவிடுகிறது. மேலே மருத்துவ டேப் ஒட்டுகிறேன். அந்தக் கை அழுந்தப் படுத்தால் பொய்யாக இறக்கம் காட்டி எழுப்பிவிடும். சந்தேகம் வந்தால் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதை இன்றும் விடவில்லை. விலைதான் மனதை உறுத்துகிறது. மாதம் இரண்டு சென்சார் என்பது எத்தனையோ குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. உண்மையில் தேவைப்படுகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள்.

அலாரம் அடித்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பந்தல்களில் கொடுக்கும் பானகமும் கைகொடுக்கும். ஜிகர்தண்டா இந்த அவசரத்துக்கு ஆகாது; பாலிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்தும் சீனியும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனியும் வெல்லமும் சட்டென்று வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸையே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய ஆறுதல் வேறு. சில வாரங்கள் இறக்கமே வராமல் பார்த்துக்கொண்டால் உடம்பின் எச்சரிக்கை ஓரளவு திரும்பலாம் என்றார் டாக்டர். எனக்குக் கை நடுக்கம் லேசாகத் திரும்பியிருக்கிறது. நடுக்கம் வந்ததற்காக மகிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன்!

என் அலாரம் மனைவியின் போனிலும் அடிக்கிறது. சில நாள் அது அடிப்பதற்கு முன்பே, “என்னங்க, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறீர்கள், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்” என்று சொல்லிவிடுகிறாள். நான் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும் என்று அவளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.