100 கிலோவைத் தாண்டியவருக்கு முதல் மலை ஸ்லெட்: சம்மிட்டா, ஆர்எம்கேவா, ஆர்க்டிக் கேட்டா?

மலைக்கென்று முதல் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி, பேச்சுவழக்கில் ஸ்லெட்) வாங்கப் போகிறவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது "எத்தனை ஹெச்பி?" என்பதுதான். கொஞ்சம் கனமான ஆளாக இருந்தால், "என் எடைக்கு டர்போதான் சரிவரும், இல்லையா?" என்று அவரே முடிவையும் சொல்லிவிடுவார். விற்பவருக்கு அதைவிட இனிப்பான கேள்வி இருக்க முடியாது. என் கட்சி வேறு. 100 கிலோவைத் தாண்டிய ஆளுக்கு முதலில் பார்க்க வேண்டியது டிராக்கின், அதாவது வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையின் நீளம், அடுத்தது ஸ்பிரிங், அப்புறம்தான் இன்ஜின். பானெட்டில் எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பது நான்காவது. ஆனால் ஸ்கீ-டூவின் சம்மிட்டா, போலாரிஸின் ஆர்எம்கேவா, ஆர்க்டிக் கேட்டா என்று சண்டை எல்லாம் அந்த நான்காவதைப் பற்றித்தான் நடக்கிறது.

ஆழமான பவுடர் பனியில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நடப்பதைக் கவனித்தால் இந்த வரிசை ஏன் என்று புரிந்துவிடும். த்ராட்டிலை அமுக்குகிறீர்கள். உங்கள் எடை முழுக்கப் பின்னால் சரிகிறது, பின் சஸ்பென்ஷன் உட்காருகிறது, மூக்கு தூக்குகிறது, முன்னால் உள்ள ஸ்கை இரண்டும் பனியை விட்டு எழும்புகின்றன. டிராக் முன்னால் போகாமல் கீழே தோண்ட ஆரம்பிக்கிறது. பதற்றத்தில் இன்னும் அமுக்குகிறீர்கள். இரண்டு மூன்று நொடியில் பின் பம்பர் பனிக்குள், ஸ்லெட் சுவரில் சாய்த்த ஏணி மாதிரி நிற்கும். இனி மண்வெட்டி வேலை. இங்கே கூடுதல் ஹெச்பி செய்வது ஒன்றே ஒன்று, குழியைச் சீக்கிரம் வெட்டித் தரும்.

டிராக் நீளத்துக்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய மலை ஸ்லெட் ஒன்று 230 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ ஆளும் 15 கிலோ சாமானும் சேர்ந்தால் 320. அதே ஸ்லெட்டில் 115 கிலோ ஆள் ஏறினால் 360. அதாவது பனிமீது எட்டில் ஒரு பங்கு கூடுதல் சுமை. இப்போது டிராக்குக்கு வாருங்கள். 154, 165 என்பதெல்லாம் டிராக்கின் முழுச் சுற்றளவு, அங்குலத்தில். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பனிமேல் படிகிறது, 154க்குச் சுமார் 51 அங்குலம். சுற்றளவு 11 அங்குலம் கூடினால் அதில் பாதி மேலே ஓடும், பாதி கீழே படியும். ஆக 165இல் 56 அங்குலத்துக்குச் சற்று மேலே கிடைக்கிறது, பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்கைகள் தாங்கும் எடையைச் சேர்க்காத கணக்குதான் இது. ஆனாலும் விஷயம் தெரிகிறது: 75 கிலோ நண்பர் 154இல் எப்படி மிதக்கிறாரோ, ஏறக்குறைய அப்படி மிதக்க உங்களுக்கு 165 வேண்டும். அவர் 154 போதும் என்று சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குப் போதும்.

அப்படியானால் 175 இன்னும் நல்லதா? 130 கிலோவைத் தாண்டியவர், அதுவும் அகலமான வெட்டவெளிச் சரிவுகளில் ஏறப் போகிறவர் என்றால் யோசிக்கலாம். மரங்களுக்கு நடுவே ஓட்டப் பழகுகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். அந்த வால் திரும்ப இடம் கேட்கும், புதைந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்த உங்கள் முதுகைக் கேட்கும். லக், அதாவது டிராக்கில் நீட்டி நிற்கும் ரப்பர் பற்களின் உயரத்தைப் பற்றியும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஸ்லெட்டுக்கு 2.5, 2.6 அங்குலம் தாராளம். 3 அங்குல லக்கைச் சுழற்ற இன்ஜினும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இனி ஸ்பிரிங். யாருமே பேசாத, ஆனால் கனமான ஆளின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிற சமாசாரம் இது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்துப் போட்டது. நீங்கள் ஏறி நின்றால் பின் சஸ்பென்ஷன் பாதி தூரம் அப்போதே இறங்கிவிடும். கிளம்புவதற்கு முன்பே மூக்கு தூக்கிய நிலை, மேலே சொன்ன ஏணிக்கு அரை வழி. சோதிப்பது சுலபம்தான். இரண்டு பேர் பின் பம்பரை லேசாகத் தூக்கி, ரப்பர் தரையை விட்டு எழும்பாமல் சஸ்பென்ஷனை முழுதும் நீட்டி விடுங்கள், பம்பருக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளங்கள். அடுத்து பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஓட்டும்போது நிற்கிற மாதிரி ரன்னிங் போர்டில் (கால் வைக்கும் பலகை) நின்று திரும்ப அளக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த ஸ்பிரிங் உங்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் கடைக்காரர் "ப்ரீலோடை ஏற்றிவிட்டால் போதும்" என்பார், அதாவது இருக்கிற ஸ்பிரிங்கையே முன்கூட்டி இன்னும் அழுத்தி வைப்பது. போதாது. ப்ரீலோடு ஆரம்ப உயரத்தைத்தான் தூக்கும், ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் பழையபடி அடிவரைக்கும் போய் இடிக்கும். உங்கள் எடைக்கு ஏற்ற கெட்டியான ஸ்பிரிங் சில நூறு டாலரில் முடிகிற காரியம், டர்போவுக்குக் கொடுக்கும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. காற்று ஷாக் உள்ள பழைய ஸ்லெட் கிடைத்தால் கைப்பம்பு வைத்தே சரிசெய்துகொள்ளலாம், கனமானவருக்கு அது ஒரு வசதி. ஆனால் குளிர் ஏறி இறங்கும்போது அழுத்தமும் மாறும், அடிக்கடி பார்க்க வேண்டும். டிராக்குக்குள் இருக்கும் முன் ஷாக் பக்கத்தில் உள்ள லிமிட்டர் ஸ்ட்ராப் என்ற பட்டையை ஒரு துளை இறுக்கினால் ஸ்கைகள்மேல் எடை கூடும், மூக்கு தூக்குவது குறையும். காசே செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சரி, இன்ஜின். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஸ்கீ-டூவின் 850 ஈ-டெக் இன்ஜின் (850 சிசி ரகம்) 165 ஹெச்பி. கனடாவின் ரெவல்ஸ்டோக் மாதிரி ஓர் இடத்தில் 2000 மீட்டர் உயரத்தில் ஓட்டினால் கைக்கு வருவது 132 அளவில். அமெரிக்காவில் வயோமிங்கின் டோக்வோட்டி கணவாய் கிட்டத்தட்ட 2950 மீட்டர், அங்கே 117. 600 ரக இன்ஜின் கீழே 125 என்றால் டோக்வோட்டியில் 90க்கும் கீழே போய்விடும், 115 கிலோவைச் சுமந்துகொண்டு புதுப் பனியில் ஏற அது திணறும். எனவே கனமான ஆளுக்கு 600 வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தாழ்வான பகுதிகளில் மட்டும் சுற்றப் போகிறேன், விலை ரொம்பக் குறைவு என்றால் அது வேறு கதை.

ஆனால் 850ஐத் தாண்டி டர்போவுக்குத் தாவ வேண்டுமா? ஸ்கீ-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே பொருத்திய டர்போவைக் கொண்டுவந்தபோது 8000 அடி வரை அதே 165ஐத் தக்கவைக்கும் என்றது. அப்புறம் டர்போ ஆர் 180க்குப் போனது. போலாரிஸும் 2022 மாடலில் பேட்ரியட் பூஸ்ட் என்ற டர்போவைக் கொண்டுவந்தது. கொலராடோவிலேயே குடியிருந்து 3000 மீட்டருக்கு மேலேயே ஓட்டுகிறவருக்கு அதில் நியாயம் இருக்கிறது. மற்றபடி முதல் இரண்டு சீசனில் உங்கள் பிரச்சினை சக்தி போதாமை இல்லை, கட்டைவிரலை எப்போது தளர்த்துவது என்று தெரியாமைதான். அதை டர்போ சொல்லித் தராது.

இப்போது கம்பெனிச் சண்டைக்கு வருவோம்.

ஸ்கீ-டூ சம்மிட், 2017 மாடலில் வந்த ஜென்4 (நான்காம் தலைமுறை) உடலும் 850 இன்ஜினும் கொண்டது, 165 டிராக். கனமான முதல் ஆளுக்கு என் கை முதலில் இதை நோக்கித்தான் போகும். டிராக் அகலம் 16 அங்குலம், போலாரிஸ் 15. கூடுதல் ஒரு அங்குலம் அற்பமாகத் தெரியும், ஆனால் மிதக்கும் பரப்பு ஆறு ஏழு சதவீதம் கூடுகிறது. அகல டிராக் என்றால் ஸ்லெட்டைப் பக்கவாட்டில் சாய்ப்பது கஷ்டம் என்பது பொதுவிதி. அதைச் சமாளிக்கத்தான் 2013இல் டி-மோஷன் என்ற பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தார்கள், பின்பக்கம் சற்று முறுக்கிக்கொடுக்கும், டிராக்கின் ஓரங்களும் வளையும். அப்புறம் ஷாட் ஸ்டார்ட்டர். காலையில் ஒரு தடவை கயிற்றை இழுத்துக் கிளப்பிவிட்டால், அதற்குப் பிறகு அணைத்த அரை மணி நேரத்துக்குள் பட்டனைத் தட்டினால் போதும், பேட்டரியும் கிடையாது. சரிவில் ஒரு காலை மடக்கி, இடுப்பளவு பனியில், மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றை இழுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லா சம்மிட்டிலும் இது இருக்காது, கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

போலாரிஸ் ஆர்எம்கேயின் குணம் வேறு. ஹேண்டிலைத் தொட்டதும் திரும்பும், சாய்க்க நினைக்கும்போதே சாயும். குயிக் டிரைவ் என்ற பெல்ட் அமைப்பில் சுழலும் எடை குறைவு என்பதால் த்ராட்டிலுக்கு உடனே பதில் வரும். 70 கிலோ ஆளுக்கு இது சொர்க்கம். கனமான ஆள் உடம்பை லேசாக நகர்த்தினாலே ஸ்லெட் அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லும், பழகும்வரை நினைத்ததைவிடக் கூடவே சாய்ந்து இறங்கும். பழகிவிட்டால் அதே குணம் ஆதாயம்தான், உங்கள் எடையே ஒரு கருவி. ஆர்எம்கேதான் என்று முடிவு செய்தால் அதில் கேயாஸ் என்ற வகையின் பக்கம் போகாதீர்கள், ப்ரோ என்ற வகையை எடுங்கள். கேயாஸ் மூக்கைத் தூக்கி விளையாடுவதற்கென்றே செய்தது. உங்கள் எடையோடு அது எப்போதும் தூக்கிக்கொண்டே இருக்கும், ப்ரோவின் சஸ்பென்ஷன் பனியோடு ஒட்டிப் போகும். பழைய ஆக்ஸிஸ் உடல் வரிசை என்றால் டிராக் 163, அதற்குப் பின் வந்த மேட்ரிக்ஸில் 165. பழையது வாங்கினால் குயிக் டிரைவ் பெல்ட்டின் பற்களைக் கட்டாயம் பாருங்கள்.

ஆர்க்டிக் கேட்டில் ஆல்ஃபா ஒன் என்றொரு விசேஷம் உண்டு, 2019 மாடலில் வந்தது. பின் சஸ்பென்ஷனில் டிராக்கை உள்ளிருந்து தாங்கும் இரண்டு ரெயிலுக்குப் பதில் நடுவில் ஒன்றே ஒன்று. சாய்ப்பதற்கு அவ்வளவு லேசு. ஆனால் கடினமான பாதையில் கனமான ஆளுக்குக் காலடியில் தள்ளாட்டம் தெரியும், முதல் ஸ்லெட்டாக நான் கை காட்ட மாட்டேன். இரண்டு ரெயில் கொண்ட மவுண்டன் கேட் திடமானது. சிக்கல் வேறு இடத்தில். 2024 இறுதியில் அப்போதைய தாய்க் கம்பெனியான டெக்ஸ்ட்ரான் உற்பத்தியை நிறுத்திவைக்கப் போவதாக அறிவித்தது, 2025இல் கம்பெனி கைமாறியது. இதனால் விலை பேச நல்ல வாய்ப்பு. பக்கத்தில் நம்பகமான டீலரும் உதிரி பாகமும் இருந்தால் யோசிக்கலாம். யமஹா வட அமெரிக்காவில் 2025 மாடலோடு கடையைக் கட்டுவதாக 2023லேயே சொல்லிவிட்டது, அதை விடுங்கள்.

யாரும் எதிர்பார்க்காத ஓர் ஆளும் பந்தயத்தில் உண்டு, ஸ்கீ-டூ ஃப்ரீரைடு. குதித்து விளையாடுபவர்களுக்கென்று வந்தது, அதனால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் கெட்டி. சம்மிட்டில் ஸ்பிரிங் மாற்றிச் செய்வதில் பெரும்பகுதி இதில் ஏற்கெனவே இருக்கிறது. சம்மிட்டைவிடச் சில கிலோ கூடுதல், சாய்ப்பதற்கும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். 120 கிலோ ஆளுக்கு அந்த அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. பழைய ஃப்ரீரைடு 165 நல்ல நிலையில் கிடைத்தால் சம்மிட்டை மறந்துவிட்டு அதை எடுக்கலாம். ஆனால் அதைக் குதித்தே கொன்றிருப்பார்கள். டன்னல் (டிராக்குக்கு மேலே உள்ள உலோகக் கூடு) வளைந்திருக்கிறதா, ரன்னிங் போர்டு மடங்கியிருக்கிறதா, ஏ-ஆர்ம் (ஸ்கையைத் தாங்கும் கை) நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

எந்தப் பழைய ஸ்லெட்டானாலும் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைப் பேசாமல் கிளம்புங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை ஏதும் பாக்கியா என்று டீலரிடம் விசாரியுங்கள். கிளட்ச் எந்த மலை உயரத்துக்கு அமைத்தது என்றும் கேளுங்கள். கொலராடோவில் ஓடிய ஸ்லெட்டை அப்படியே ரெவல்ஸ்டோக்கில் ஓட்டினால் ஆர்பிஎம் அளவு மீறும்.

பட்ஜெட்டில் பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன், குத்திப் பார்க்கும் புரோப், மண்வெட்டி, பனிச்சரிவில் மேலே மிதக்க உதவும் ஏர்பேக் இதற்கெல்லாம் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், கனடாவில் இருந்தால் ஏஎஸ்டி 1 பனிச்சரிவுப் பயிற்சிக்கும் சேர்த்து. ஏர்பேக் பை வாங்கும்போது இடுப்புப் பட்டையும் கால் பட்டையும் உங்கள் குளிர்கோட்டுக்கு மேலே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும், பெரிய உடம்புக்காரர்களுக்குப் பல மாடல்களில் பட்டை எட்டுவதில்லை.

105 முதல் 125 கிலோ வரை: டர்போ இல்லாத 850, 165 சம்மிட், வாங்கிய கையோடு ஸ்பிரிங் மாற்றம். இதற்கு முன் டர்ட் பைக் மாதிரி ஏதாவது ஓட்டி உடம்பை நகர்த்திப் பழகியவர் என்றால் ப்ரோ ஆர்எம்கே. 130க்கு மேல், வெட்டவெளிதான் என்றால் 175, இல்லாவிட்டால் ஃப்ரீரைடு. வாங்குவதற்கு ஏப்ரல் நல்ல மாதம். அடுத்த சீசன் மாடலுக்கு முன்பணம் கட்டியவர்கள் பழசைத் தள்ளிவிட அவசரப்படும் நேரம் அது. டீலரிடம் எடுத்தால் விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, உங்கள் எடையைக் கூச்சப்படாமல் சொல்லி, அதற்கேற்ற ஸ்பிரிங்கைப் போட்டே தரச் சொல்லுங்கள். பல இடங்களில் அதற்குச் சீக்கிரம் சம்மதிப்பார்கள்.