போடாக்ஸ் ரசீதில் யூனிட் இல்லையா? ஏமாறுகிறீர்கள்

புருவ நடுக்கோடுகளுக்குப் போடாக்ஸ் (தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி) போட்டுக்கொண்ட ஒருவரின் ரசீதில் இருந்தது இவ்வளவுதான்: "0.5 மி.லி." எத்தனை யூனிட், அதாவது மருந்தின் வீரிய அளவு எவ்வளவு என்று எங்குமே இல்லை. ஆறே வாரத்தில் கோடுகள் திரும்பிவிட்டன. கேட்டதற்கு, "உங்க உடல்வாகு அப்படி" என்று அனுப்பிவிட்டார்கள். சிலருக்குச் சீக்கிரம் தேய்வது உண்டுதான். ஆனால் வழக்கமாக மூன்று, நான்கு மாதம் நிற்க வேண்டியது ஆறு வாரத்தில் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அளவை.

குப்பியில் வருவது தூள். அடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், காலிக் குப்பி என்றே தோன்றும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் (உப்புநீர்) கலந்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட். புருவ நடுவில் ஐந்து இடங்களில் 0.1 மி.லி. வீதம், மொத்தம் 20 யூனிட். அதே குப்பியில் 10 மி.லி. ஊற்றினால்? ஐந்து குத்துக்கும் சேர்த்தே 5 யூனிட். இரண்டுக்கும் ரசீதில் "0.5 மி.லி." என்றே எழுதலாம்!

யூனிட் சொன்னாலும் எந்த பிராண்ட் என்று கேளுங்கள். போடாக்ஸில் 20 யூனிட் போடும் இடத்துக்கு, அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் 50 யூனிட். "50 போட்டோம்" என்பது தாராளம் அல்ல.

குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியப் படம் எடுங்கள். போடாக்ஸ் குப்பிக்குள் வெற்றிடம் இருக்கும். ஊசி நுழைந்ததும் சலைன் தானாக உள்ளே இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் அந்தக் குப்பி வேண்டாம். கலந்துவைத்த மருந்துக்குத் தயாரிப்பாளர் தரும் கெடு 2 முதல் 8 டிகிரி குளிரில் 24 மணி நேரம். போன வாரம் கலந்த மிச்சத்துக்கு முழுப் பணம் கேட்பவர்களும் உண்டு.

மூன்றாம் நாளே "பத்தலை" என்று இன்னொரு ஊசிக்கு அழைத்தால் போகாதீர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும்.

இமை தொங்குவது பெரும்பாலும் குத்திய இடத்தின் கோளாறு. புருவ எலும்பு விளிம்புக்குக் குறைந்தது 1 செ.மீ. மேலே குத்தாவிட்டால், மருந்து இமையைத் தூக்கும் தசைக்கு இறங்கிவிடும். "மசாஜ் பண்ணுங்க, சரியாகிடும்" என்பது சுத்தப் பொய். மருந்தின் வீரியம் குறையும்வரை, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்ராகுளோனிடின் என்ற கண் சொட்டு மருந்து இமையை ஓரிரு மில்லிமீட்டர் தூக்கித் தரும், அதுவும் கண் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், அது சில வாரம் கழித்து வந்தாலும், ஊசி போட்ட இடத்துக்குப் போன் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் அந்தக் குப்பிப் படத்தைக் காட்டுங்கள்.