மயிலைக் கண்ணாடியாக்க: போட்டோஷாப், கிம்ப், ஜிமிக், அப்புறம் கை

அத்தை வீட்டு மாடிப்படி ஜன்னல் மேற்கே பார்த்தது. நாலு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அகலம் 2 அடி, உயரம் 3 அடி. "சர்ச்சுல இருக்கிற மாதிரி கலர் கண்ணாடி போட்டுடலாம்டா, ஆனா மயில் இருக்கணும்" என்றார். ஈயப் பட்டை வைத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கோக்கிற நிஜ வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டிவிடலாம், படத்தை மட்டும் நான் தயார் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மயில் போட்டோ ஒன்று கையில் இருந்தது. ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தால் படம் 3600-க்கு 5400. இந்த எண்தான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

போட்டோஷாப்பில் இதற்கென்றே ஒரு பில்டர் இருக்கிறது. பில்டர் கேலரிக்குள் 'டெக்ஸ்சர்' பிரிவில் 'ஸ்டெயின்டு கிளாஸ்'. மூன்றே மூன்று ஸ்லைடர்கள்: செல் சைஸ் (துண்டின் அளவு) 2 முதல் 50 வரை, பார்டர் திக்னஸ் (கோட்டின் தடிப்பு) 1 முதல் 20 வரை, லைட் இன்டென்சிட்டி 0 முதல் 10 வரை. கோட்டின் நிறம் எங்கே என்று தேடவேண்டாம். டூல் பட்டையில் முன்னணி நிறமாக எது இருக்கிறதோ அதுதான் கோடு. நான் முதல் தடவை வெள்ளை இருப்பதைக் கவனிக்காமல் ஓட்டி, மயிலைக் கொசுவலைக்குள் பிடித்துப் போட்ட மாதிரி ஒரு படத்தை வாங்கினேன்.

கறுப்பு வைத்து மறுபடி ஓட்டினேன். செல் சைஸை அதன் உச்சமான 50-க்கே தள்ளியும், 5400 பிக்சல் உயரப் படத்தில் துண்டுகள் பொடிப்பொடியாக வந்தன. தள்ளி நின்று பார்த்தால் கண்ணாடி தெரியவில்லை, சொரசொரப்புத்தான் தெரிந்தது. கேலரி எஃபெக்ட்ஸ் என்ற பழைய பில்டர் தொகுப்பு, 1994-இல் போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி, ஆல்டஸ் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டபோது அதன் கைக்கு வந்தது. பில்டர் கேலரியின் பெரும்பகுதி அந்த வம்சம். அன்றைய திரைகளுக்கு 50 பிக்சல் பெரிய துண்டாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். சுற்றுவழி ஒன்று உண்டு: படத்தை நாலில் ஒரு பங்காக, 900-க்கு 1350 ஆகச் சுருக்கி, பில்டரை ஓட்டி, பிறகு நாலு மடங்கு பெரிதாக்குவது. துண்டுகள் பெரிதாகும். கூடவே கோட்டின் விளிம்பும் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

அச்சுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிண்ட் கடைக்குத்தானே என்று முதலிலேயே படத்தை அச்சு மைக்கான நிற முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிவிட்டால், மெனுவில் பில்டர் கேலரி மங்கிப்போய்க் கிடக்கும், அழுத்த முடியாது. 16-பிட் படத்துக்கும் இதே கதி. திரைக்கான நிற முறையான ஆர்ஜிபி, 8-பிட்டில் வேலையை முடித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். லைட் இன்டென்சிட்டி படத்தின் நடுவில் பின்னாலிருந்து விளக்கு எரிகிற மாதிரி ஒரு வெளிச்சம் கொடுக்கும். திரையில் மட்டும் பார்க்கிற படத்துக்கு நன்றாகவே இருக்கும். நமக்கு நிஜ வெயில் பின்னால் நிற்கிறது, அதனால் 0.

சுருக்கிப் பெருக்கிய அந்தப் படத்தை அத்தைக்கு அனுப்பினேன். ஒரு வரிதான் பதில்: "ஏன்டா, மயிலுக்குக் கண்ணைக் காணோம்?"

காணோம்தான். கண்ணும் கன்னத்தின் வெள்ளைப் பட்டையும் கழுத்தின் நீலமும் ஒரே செல்லுக்குள் விழுந்து, சராசரியாகிச் சாம்பல் நீலமாக நின்றன. இந்த பில்டருக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறை கிடையாது. கொஞ்சம் நெளிந்த தேனடை ஒன்றைப் படத்தின் மேல் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம் கொடுக்கிறது, அவ்வளவே. நிஜக் கண்ணாடி வேலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் முழு அளவில் கோட்டோவியம் போடுவார்கள். ஈயக் கோடு எங்கே ஓட வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். முகத்தின் ஓரம், துணியின் மடிப்பு, கையின் வளைவு எனப் படத்தின் கோடே ஈயத்தின் கோடு. பாரிஸின் சென்ட் ஷப்பேல் தேவாலயம் 1248-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் ஜன்னல்களைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், துண்டுகள் ஒன்றுகூட ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. நீளமானவை, பொடியானவை, பிறைபோல் வளைந்தவை எல்லாம் கலந்து கிடக்கும். பில்டர் தருவது தும்பியின் இறக்கை. அழகுதான், ஆனால் ஜன்னல் ஆகாது. எந்த மென்பொருள் ஒசத்தி என்பதைவிட, கோடு எங்கே விழ வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் மற்ற வழிகளையும் எடைபோட்டேன்.

கிம்ப்புக்குப் போனேன். அதுவும் படம் திருத்தும் மென்பொருள்தான்; இலவசம், மாதச் சந்தா இல்லை. அங்கே 'ஸ்டெயின்டு கிளாஸ்' என்ற பெயரில் கூடவே வரும் பில்டர் கிடையாது. 'ஆர்ட்டிஸ்டிக்' பிரிவில் 'கிளாஸ் டைல்' இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், அது குளியலறைச் சுவரில் பதிக்கிற கனக் கண்ணாடிக் கட்டிக்குப் பின்னால் ஆள் நிற்கிற தோற்றம். போட்டோஷாப்பின் 'டிஸ்டார்ட்' பிரிவில் உள்ள 'கிளாஸ்' பில்டரும் அந்த ஜாதியே: பிளாக்ஸ், கான்வாஸ், ஃப்ராஸ்டட், டைனி லென்ஸ் என்று நாலு தினுசு. ஃப்ராஸ்டட் ஆபீஸ் தடுப்புக் கண்ணாடிக்கு அசல் மாதிரியே வரும். ஈயக் கோட்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கிம்ப்பில் நமக்கு வேண்டியது 'டிஸ்டார்ட்ஸ்' பிரிவில் இருக்கும் 'மொசைக்'. டைல் ஓட்டின் வடிவத்தைச் சதுரம், அறுகோணம், எண்கோணமும் சதுரமும், முக்கோணம் என்று தேர்ந்தெடுக்கலாம். 'நீட்னஸ்' என்ற எண்ணைக் குறைக்கக் குறைக்க வரிசை கலைந்து கைவேலை போல் ஆகும். இணைப்புக் கோட்டின் நிறத்தை அந்தப் பெட்டியிலேயே கொடுக்கலாம், போட்டோஷாப் மாதிரி டூல் பட்டைக்கு ஓட வேண்டாம். எல்லாவற்றையும்விட, 'டைல் ஸ்ப்ளிட்டிங்' என்று ஒரு டிக் பெட்டி. அதைப் போட்டால், படத்தில் அழுத்தமான விளிம்பு ஓடும் இடத்தில் ஓடு இரண்டாகப் பிளக்கும். மயிலின் கழுத்தும் பின்னணிப் பச்சையும் ஒரே துண்டில் கலக்காமல் பிரிந்து நின்றது இதனால்தான். போட்டோஷாப் பில்டரில் இந்த வசதியே இல்லை. ஆனால் தேனடைத் தோற்றம் முழுதாகப் போய்விடவில்லை. நல்ல மொசைக் தரை கிடைத்தது, வண்ணக் கண்ணாடி கிடைக்கவில்லை.

அடுத்தது ஜிமிக். பிரான்ஸின் கான் நகரத்தில் உள்ள கிரெய்க் ஆய்வகத்தில் 2008 முதல் வளர்ந்துவரும் இலவச பில்டர் தொகுப்பு, கிம்ப்போடு செருகிக்கொள்ளலாம். பட்டியல் அனுமார் வால், மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுவதுதான் புத்திசாலித்தனம். இதன் 'ஸ்டெயின்டு கிளாஸ்' தேனடையை எடுத்துவந்து மேலே போடுவதில்லை. படத்தின் விளிம்புகளைத் தேடி, அவற்றுக்கு நடுவில் இருக்கும் பகுதியை ஒரு துண்டாக்குகிறது. கோடு மெல்லியதா தடிப்பா, துண்டுக்குள் நிழல் எவ்வளவு என்பதையும் மாற்றலாம். கண் திரும்பி வந்தது! கொண்டையும் வந்தது. தோகைதான் காலை வாரியது. ஒவ்வொரு மயிரிழையையும் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு, தோகை முழுவதும் உடைந்த வளையல் மாதிரி சிதறிவிட்டது. பில்டருக்கு முன்னால் படத்தை நன்றாக மங்கலாக்கினால் இது பெரிதும் அடங்கும். அப்படியும் சில துண்டுகள் கடற்கரை வரைபடம் போல வளைந்து நெளிந்து நின்றன. கண்ணாடியை அப்படி வெட்ட முடியாது, உள்நோக்கி ஆழமாக வளைத்தால் கீறல் ஓடி உடைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இந்த விதி தெரியாது, ஆனால் எங்கோ பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஏஐ-யிடம் கேட்டால் நிமிடத்தில் மயில் ஜன்னல் வந்துவிடும், அதையும் பார்த்தேன். எனக்கு வந்த படங்களில் கோடு கண்ணாடியின் நடுவில் பாதியிலேயே நின்றது. ஈயக் கோடு இன்னொரு கோட்டில் போய் முட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது கோடல்ல, விரிசல். அது போக, எனக்கு வேண்டியது போட்டோவில் இருந்த அந்த மயில், ஏதோ ஒரு மயில் அல்ல.

கடைசியில் கைதான். ஜிமிக் தந்த படத்தைக் கீழே மங்கலாக வைத்துக்கொண்டு, அதன் மேல் வளைகோடு போடும் பாத் டூலால் கோடு வரைந்தேன். ஏறக்குறைய 60 துண்டுகள், இரண்டு சாயங்காலம். பாத்தின் மேல் ஸ்ட்ரோக் (கோட்டுக்குத் தடிப்பு) போடும்போது முதலில் 12 பிக்சல் கொடுத்தேன், திரையில் கச்சிதமாக இருந்தது. கணக்குப் போட்டால் அச்சில் அது 2 மில்லிமீட்டர், பேனாக் கோடு. 36 பிக்சல் ஆக்கியதும் 6 மில்லிமீட்டர் வந்து ஈயப் பட்டை என்று நம்பும்படி ஆனது.

நிறம் நிரப்பும் கட்டத்தில் இரண்டு மென்பொருளும் வேறுவேறு விதத்தில் கைகொடுக்கின்றன. போட்டோஷாப்பில் கோடு இருக்கும் லேயரில் (அடுக்கில்) மேஜிக் வாண்டால் ஒரு துண்டின் உள்ளே கிளிக் செய்து, தேர்வை 3 பிக்சல் விரித்து, போட்டோ லேயருக்கு வந்து 'பிளர்' மெனுவில் 'ஆவரேஜ்' கொடுத்தால், அந்தத் துண்டு முழுக்க அதன் சராசரி நிறமாகிவிடும். விரிக்க மறந்தால் கோட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிறிய இழை ஒன்று எட்டிப்பார்க்கும். கிம்ப்பில் இவ்வளவு சுலபமான ஆவரேஜ் இல்லை, கலர் பிக்கரில் 'சாம்பிள் ஆவரேஜ்' வைத்து நிறத்தை எடுத்து ஊற்ற வேண்டும். ஆனால் அதன் பக்கெட்டில் கோட்டோவியத்தை அடையாளம் கண்டு நிரப்பும் வசதி 2019-இல் 2.10.10 பதிப்போடு வந்தது. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டிருந்தாலும் நிறம் வெளியே கசியாது. 60 துண்டில் எங்கே இடைவெளி விட்டேன் என்று பூதக்கண்ணாடியோடு தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சராசரி நிறத்தை அப்படியே விடவும் கூடாது. போட்டோவின் சராசரி எப்போதும் சேற்று நிறத்தின் பக்கம் சாயும். நிஜக் கண்ணாடியில் நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு என்று கலந்து காய்ச்சுவதால் நிறம் பளிச்சென்று நிற்கிறது. நான் எட்டு நிறங்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அவற்றில் கிட்டத்து நிறத்துக்கு மாற்றினேன். ஈயத்துக்குப் புடைப்புக் கொடுப்பதில் போட்டோஷாப்பின் 'பெவல் அண்ட் எம்பாஸ்' ஒரு படி மேலே, கிம்ப்பின் 'பம்ப் மேப்' கொஞ்சம் மெனக்கெட வைக்கும். 2025-இல் வந்த கிம்ப் 3.0-இல் பில்டரைப் போட்ட பிறகும் திரும்பப் போய் எண்ணை மாற்றலாம் என்பதால் அந்த மெனக்கெடல் பாதியாகிவிட்டது.

போட்டோஷாப் ஏற்கெனவே வைத்திருப்பவர் கை வழியை அங்கேயே செய்துகொள்ளலாம், இதற்காகச் சந்தா கட்டத் தேவையில்லை. வாட்ஸ்அப் டிபிக்கு என்றால் அந்தப் பழைய பில்டரே போதும், செல் சைஸ் 15-ல் ஆரம்பித்துப் பாருங்கள். சுவரிலோ ஜன்னலிலோ ஒட்டப் போகிறீர்கள் என்றால் ஜிமிக்கைக் கரட்டுப் படிவமாக வைத்துக் கிம்ப்பில் கையால் வரையுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டிய அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தார். படிக்கட்டில் நீலமும் பச்சையுமாக வெளிச்சம் விழுகிறதாம். "கண்ணு நல்லாத் தெரியுதுடா. காலுதான் கொஞ்சம் குட்டையோ?"